இருபத்தேழு ‘ஆமா’

எங்காவது கண்ணாடி ஒடிகிற சின்னச் சத்தம் கேட்டால் போதும், கணக்கம்மாவுக்கு அந்தப் பழைய ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்துவிடும்.

அந்தக் காலத்தில் ஊசி மருந்துகள் பெரும்பாலும் விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகளில்தான் வரும். கழுத்தில் சின்ன அரத்தால் ஒரு கீறு கீறி, பஞ்சை வைத்துப் பிடித்து ஒடித்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். காலை ஊசி நேரத்தில் நீள வராந்தாவில் நடந்து போனால் வார்டுக்கு வார்டு டிக், டிக் என்று கேட்டுக்கொண்டே வரும். கடிகாரக் கடைக்குள் நடப்பது போல இருக்கும். அதோடு ஸ்பிரிட் வாசனை, சலவைக் கூடத்திலிருந்து வரும் சுடுநீராவி வாசனை, தேநீர் வண்டியின் சக்கரம் கிறீச்சிடுவது. இன்றைக்கு நினைத்தாலும் அவள் மூக்கும் காதும் அங்கே போய் நின்றுவிட்டுத்தான் வரும்.

அவள் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. வராந்தாவின் கடைசியில், துணி அலமாரி அறைக்குப் பக்கத்தில் இருந்த புள்ளிவிவரப் பிரிவுக்கு அவள்தான் தலைவி, அவள்தான் குமாஸ்தா. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் குணமாகிப் போனார்கள், ஒருவர் சராசரியாக எத்தனை நாள் படுத்திருந்தார் என்று கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷினில் சுற்றிச் சுற்றிக் கணக்குப் போடுவது வேலை. அதனால் ‘கணக்கம்மா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நாற்காலி இரவல் கேட்டு வருகிறவர்களையும் அவள் சும்மா விடமாட்டாள். “இந்த வார்டுல சராசரி ஒன்பது நாள்னு போட்டிருக்கேன். ஆனா ஒன்பது நாள் தங்கின ஆள்னு ஒருத்தரைக் காட்டுங்க பார்ப்போம்! பாதிப் பேர் மூணு நாள்ல ஓடிப்போயிடறாங்க, சில பேர் மாசக்கணக்கா கிடக்கறாங்க. சராசரின்னு ஒரு ஆளே கிடையாதுங்க!” என்று ஆரம்பித்துவிடுவாள். கேட்க வந்தவர் நாற்காலியை மறந்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே திரும்பிப் போவார்.

அதே ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் நர்ஸாக இருந்தாள் அவளுடைய நாத்தனார். கணவனின் தங்கை. ஒல்லி உடம்பு, வேகமான நடை, கீச்சுக் குரல். எல்லாருக்கும் அவள் சிட்டு. அண்ணன், அண்ணியோடு ஒரே வீட்டில்தான் இருந்தாள்.

சிட்டுவுக்குத்தான் அந்தச் சங்கடம் வந்தது.

வாந்தியை நிறுத்தும் மருந்து ஒன்று. தூங்க வைக்கும் மருந்து ஒன்று. இரண்டும் ஒரே கம்பெனியிலிருந்து வரும். ஒரே உயரம், ஒரே பழுப்புக் கண்ணாடி, ஒரே நீல எழுத்து. மருந்து அலமாரியில் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கும். அறுவை சிகிச்சை முடிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவருக்குச் சிட்டு ஊசி போட்டாள். கொஞ்ச நேரத்தில் மனிதர் குறட்டை விட ஆரம்பித்தார். அப்புறம் குறட்டையும் நின்று மூச்சு மெல்ல மெல்ல வந்தது. சிட்டு தட்டில் கிடந்த உடைந்த குப்பியை எடுத்துப் படித்தாள். நேராக டாக்டரிடம் ஓடினாள். “மாத்திப் போட்டுட்டேன் டாக்டர்” என்று அவளாகவே சொன்னாள்.

பகல் முழுவதும் டிரைவரின் கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். மறுநாள் காலையில் அவர் கண்ணைத் திறந்து, கைகால்களை நீட்டி முறித்து, “சிஸ்டர், ஸ்டியரிங் பிடிச்ச நாள்லேர்ந்து நான் இப்படித் தூங்கினதே இல்ல. அது என்ன மருந்து? வீட்டுக்குப் போறப்ப ரெண்டு கொடுத்து அனுப்புங்க” என்றார். வார்டே சிரித்தது.

டைரக்டர் சிரிக்கவில்லை. அவரும் அறுவை சிகிச்சை டாக்டர்தான். நியாயமான மனிதர், ஆனால் கத்தி மாதிரி நியாயம். “இந்த ஆஸ்பத்திரி திறந்ததுலேர்ந்து இப்படி ஒரு மருந்து மாற்றம் பதிவானதே இல்லை. இதுதான் முதல்” என்றார். சிட்டுவை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தினார். மாதக் கடைசியில் குழு கூடி முடிவு சொல்லும். கவனக்குறைவு என்று எழுதி வெளியே அனுப்பிவிட்டால் அப்புறம் எந்த ஆஸ்பத்திரியும் அவளை வாசலில்கூட நிற்க விடாது. அது எல்லாருக்கும் தெரியும்.

சிட்டு வீட்டில் சமையலறை மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எல்லாரும் தப்பான குப்பிய எடுப்பாங்க அண்ணி. ஒடிக்கிறதுக்கு முன்னாடி பார்த்துட்டு வச்சிடுவாங்க. சில பேர் ஒடிச்சப்புறம் பார்ப்பாங்க. சில பேரு…”

“சில பேரு?”

“நோயாளி நல்லாத் தூங்கினார்னு சார்ட்டுல எழுதிடுவாங்க.”

“யாரு அவங்கல்லாம்?”

“அதை மட்டும் கேட்காதீங்க. என் வாயால ஒருத்தர் பேரும் வராது.”

கணக்கம்மாவுக்கு அந்த நிமிஷமே மண்டைக்குள் மெஷின் சுற்ற ஆரம்பித்துவிட்டது. மறுநாளே டைரக்டர் அறைக்குப் போனாள்.

“டாக்டர், பதிவுல ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னா, நடந்தது ஒண்ணுதான்னு அர்த்தம் இல்லை. வாயைத் திறந்தது ஒருத்திதான்னு அர்த்தம்.”

“உங்க நாத்தனார்ங்கிறதால சொல்றீங்க.”

“அதனாலதான் நீங்க என்னை நம்பக் கூடாது. கணக்கை நம்புங்க. ஒருத்தரே செஞ்ச தப்புன்னா ஆள்கிட்ட கோளாறு. நிறையப் பேர் அதே தப்பைச் செஞ்சிருந்தா அலமாரியில கோளாறு. எது உண்மைன்னு கேட்டுப் பார்த்துடலாம்.”

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கேளுங்க. ஆனா ஒண்ணு. ஒரு நர்ஸோட பேர் எனக்குத் தெரிஞ்சா நான் நடவடிக்கை எடுத்தாகணும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி என்னால இருக்க முடியாது.”

அங்கேதான் சிக்கல். பதில் தெரியாமல் கேள்வி கேட்க வேண்டும்!

ஆனால் அப்படி ஒரு வழி இருந்தது. கணக்கம்மா படிக்கிற காலத்தில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டு, சாப்பிடக்கூட மறந்து ரசித்திருக்கிறாள். ஒரு நாணயம்தான் மூலதனம். மறைவில் போய் பூவா தலையா சுண்டிப் பார்க்க வேண்டும். என்ன விழுந்தது என்று யாரிடமும் சொல்லக் கூடாது. தலை விழுந்தால் கேள்வியைப் பற்றியே கவலைப்படாமல் ‘ஆமா’ என்று சொல்லிவிட வேண்டும். பூ விழுந்தால் மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வெளியே வந்து ஒருத்தி ‘ஆமா’ என்றால் அவள் தப்பு செய்தவளா, தலை விழுந்தவளா என்று எந்த ராஜாவாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கூட்டமாகப் பார்த்தால் வெளிச்சம் வந்துவிடும். எண்பது பேர் சுண்டினால் சுமார் நாற்பது பேருக்குத் தலை விழும். அந்த நாற்பது ‘ஆமா’வும் நாணயம் சொன்னது. அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு ‘ஆமா’வும் மனுஷி சொன்னது. மரம் எது என்று தெரியாது, தோப்பில் எத்தனை மரம் என்று மட்டும் தெரியும்.

சிட்டு போக, ஊசி போடும் நர்ஸுகள் எண்பது பேர் இருந்தார்கள். துணி அலமாரி அறையில் ஒரு திரை கட்டினாள். திரைக்கு வெளியே ஒரு மேஜை போட்டுத் தானே உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக உள்ளே போனாள், நாணயம் உருளும் சத்தம் கேட்டது, வெளியே வந்தாள். “வாந்தி மருந்துக்குப் பதிலா தூக்க மருந்தை எப்பவாவது எடுத்து ஒடிச்சிருக்கீங்களா?” கணக்கம்மா அன்பாகத்தான் கேட்டாள். பதிலை ஒரு கோடாகக் குறித்துக்கொண்டாள்.

எல்லாரும் முடிந்தபின் கோடுகளை எண்ணினாள். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினாள்.

இருபத்தேழு ‘ஆமா’.

நாணயமே நாற்பது தரவேண்டும். ஒருவர்கூடத் தப்பே செய்யவில்லை என்று வைத்துக்கொண்டாலும் நாற்பது. இருபத்தேழு எங்கிருந்து வந்தது?

அன்று மாலை வீட்டில் சாப்பாட்டு மேஜையின்மேல் துணியை விரித்தாள். கணவன் ரேடியோ மெக்கானிக். அவனுடைய கடை டப்பாவிலிருந்து ஒரே மாதிரி எண்பது வட்டத் தகடுகளைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் சிவப்பு மையால் புள்ளி வைத்தாள். எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் குலுக்கி மேஜையில் கொட்டினாள்.

“நாற்பத்து மூணு” என்றான் கணவன் எண்ணிப் பார்த்து. “இது என்னம்மா விளையாட்டு?”

“இன்னொரு தடவை கொட்டுங்க.”

முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. முப்பத்தைந்து. நாற்பத்தாறு. அவன் கை ஓயும்வரை கொட்டினான். முப்பத்து மூன்று ஒரு தடவை வந்தது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

“பாருங்க, நாற்பதுன்னா அச்சா நாற்பதுல நிக்காது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆடும். ஊஞ்சல் மாதிரி. ஆனா ஊஞ்சல் எவ்வளவு தூரம் போகும்னு ஒரு அளவு இருக்குல்ல? இருபத்தேழுக்குப் போகணும்னா கயிறு அறுந்துதான் போகணும்.”

“அப்ப உன் நாணயம் ஓட்டை நாணயம்.”

“நாணயத்துல ஒரு கோளாறும் இல்ல. என் கணக்குலதான் எங்கயோ…”

மூலையிலிருந்து கீச்சென்று ஒரு சிரிப்பு. அந்த வாரத்தில் சிட்டு சிரித்தது அதுதான் முதல் தடவை.

“அண்ணி, நான் அங்க இருந்திருந்தாலும் தலை விழுந்தா ‘இல்ல’ன்னுதான் சொல்லியிருப்பேன்.”

“ஏன்டி? தலை விழுந்தா ஆமான்னு சொல்லுங்கன்னுதானே நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?”

“நீங்க சொன்னீங்க. எங்க நாக்குக்கு யாரு சொல்றது?” சிட்டு எழுந்து வந்து மேஜையருகே உட்கார்ந்தாள். “தினமும் டூட்டி மாறும்போது பெரிய சிஸ்டர் எங்களை வரிசையா நிறுத்துவாங்க. ஒவ்வொருத்தியையும் பார்த்து ‘ஏதாவது உண்டா?’ன்னு கேட்பாங்க. அதுக்கு என்ன பதில் தெரியுமா? ‘இல்ல சிஸ்டர்.’ வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பக்கத்துல நிக்கிறவ அதைத்தான் காதுல ஓதுவா. எது கேட்டாலும் ‘இல்ல சிஸ்டர்’. வருஷக்கணக்கா சொல்லிச் சொல்லி அது தும்மல் மாதிரி தானா வரும். அப்புறம் திரைய விட்டு வெளிய வந்தா அங்க நீங்க உட்கார்ந்திருக்கீங்க, என் அண்ணி, பேனாவோட! வரிசையில நிக்கிறவங்க காதுல விழ ஆமான்னு சொல்லிட்டு, நாளைக்கு ஒவ்வொருத்திகிட்டயும் ‘எனக்குத் தலைதான்டி விழுந்துச்சு’ன்னு சத்தியம் பண்ணிட்டுத் திரிய முடியுமா?”

கணக்கம்மா தகடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ரகசியம் காப்பாற்றப்படும் என்பது கணக்கில் சரி. ஆனால் அது கணக்குத் தெரிந்தவளுக்குத்தானே சரி? மடியில் நாணயத்தோடு நடுங்குகிறவளுக்கு அது ரகசியமாகத் தோன்ற வேண்டுமே! அவள் எண்களை ஜோடித்தாள், முகங்களை மறந்துவிட்டாள்.

ஆனாலும் அவளுக்குள் ஏதோ ஒன்று பரபரத்தது. இந்தக் கணக்கு தோற்றுப்போகவில்லை. கேட்டதை விட்டுவிட்டு வேறு ஒன்றை அளந்துகொண்டு வந்திருக்கிறது. நாணயமே ‘ஆமா’ சொல்லு என்று சொல்லியும் வாய் வராதவர்கள் குறைந்தது பத்துப் பதின்மூன்று பேர். இந்த ஆஸ்பத்திரியில் பயம் எவ்வளவு உயரம் என்று யாராவது இதற்கு முன் அளந்திருக்கிறார்களா?

அளந்ததை எடுத்துக்கொண்டு அவள் பெரிய சிஸ்டரிடம் போனாள்.

பெரிய சிஸ்டர் தலைமை நர்ஸ். உயரம். கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி. அவர் வராந்தாவில் வந்தால் செருப்புச் சத்தத்துக்கு முன்னாலேயே அமைதி வந்துவிடும். கணக்கம்மா சொன்னதையெல்லாம் இமைக்காமல் கேட்டார்.

“அப்ப என் பொண்ணுங்க பொய் சொல்றாங்கன்னு சொல்றீங்க.”

“பயப்படறாங்கன்னு சொல்றேன் சிஸ்டர்.”

“யாருக்கு?”

கணக்கம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

“எனக்கா?”

“இல்ல சிஸ்டர்” என்றாள் கணக்கம்மா.

சொல்லி முடித்ததும்தான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரிய சிஸ்டர் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து அன்றுவரை யாரும் பார்த்ததில்லை. கீழ்வரிசையில் அவருக்கு ஒரு பல் இல்லை என்பதைக்கூட கணக்கம்மா அன்றுதான் கவனித்தாள்.

“நீங்க நர்ஸ்கூட இல்லையேம்மா!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அவர். சிரிப்பு அடங்கியதும் முகம் மாறியது. “நானும் அந்த வரிசையில நின்னவதான். என்னைக் கேட்டவங்க இன்னும் சத்தமா கேட்டாங்க.” தொப்பியைச் சரிசெய்தார். “இன்னொரு தடவை நடத்துங்க. இந்தத் தடவை நீங்க மேஜையில உட்காரக் கூடாது. யாரும் வாயால பதில் சொல்லக் கூடாது. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

அடுத்த நாள் டூட்டி மாறும் நேரம். வரிசை நின்றது. பெரிய சிஸ்டர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, எல்லார் கண்ணுக்கும் முன்னால் மேலே சுண்டினார். பிடித்தார். உள்ளங்கையைத் தான் மட்டும் பார்த்தார். நாணயத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வராந்தாவின் அந்தக் கோடிவரை கேட்கும்படி சொன்னார்: “ஆமா.”

ஒரு நர்ஸ் கையிலிருந்த டிரே நழுவி டங்கென்று விழுந்தது.

“இப்ப என்னைப் பத்தி உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?” என்று கேட்டார் பெரிய சிஸ்டர்.

வார்டுகளிலேயே வாயாடி என்று பேரெடுத்த ஒருத்தி, “ஒண்ணும் தெரியல சிஸ்டர்” என்றாள்.

“தலை விழுந்திருக்குமோ?”

“இருக்கலாம் சிஸ்டர்.”

“நான் தப்பு பண்ணியிருப்பேனோ?”

“இரு… இருக்கலாம் சிஸ்டர்.”

“அவ்வளவுதான் விஷயம். ஆமான்னு சொன்னேன், இடி விழலை. தொப்பி கழண்டு விழலை. போங்க, ஒவ்வொருத்தியா போங்க. தலை விழுந்தா தலைக்கு மரியாதை கொடுக்கணும். பூ விழுந்தா பூவுக்கு.”

திரைக்குப் பின்னால் இப்போது மூடிபோட்ட இரண்டு தகர டப்பாக்கள் இருந்தன. மூடியில் ஒரு ஓட்டை, உள்ளே அடியில் பஞ்சு. ஒன்று ‘ஆமா’ டப்பா, மற்றது ‘இல்ல’ டப்பா. போகிறவள் கையில் மருந்துப் புட்டியின் ரப்பர் மூடி ஒன்று; எதில் போட்டாலும் சத்தம் வராது. மூன்று வேளை டூட்டிக்காரர்களும் போய் வந்தார்கள். பிறகு கணக்கம்மாவும் பெரிய சிஸ்டரும் எதிரெதிரே உட்கார்ந்து, ‘ஆமா’ டப்பாவைக் கவிழ்த்து, பட்டாணி பொறுக்குவது போல ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினார்கள்.

ஐம்பத்து நாலு.

டைரக்டர் காகிதத்தை வாங்கித் தானே கணக்குப் போட்டார். “நாற்பது நாணயத்தோடது. பாக்கி பதினாலு. பூ விழுந்தவங்களும் சுமார் நாற்பது பேர்தான். அந்த நாற்பதுல பதினாலு பேர்…” பேனா நின்றது. “மூணுல ஒருத்தரா?”

“சுமாரா மூணுல ஒருத்தர் டாக்டர். ஊஞ்சல் ஆடும்னு வச்சுக்கணும். அஞ்சுல ஒருத்தராவும் இருக்கலாம், ரெண்டுல ஒருத்தராவும் இருக்கலாம். ஆனா எண்பது பேர்ல ஒருத்திதான்னு சொல்றதுக்கு மட்டும் வழியே இல்லை.”

“பெரிய சிஸ்டர் ஆமான்னு சொன்னதைப் பார்த்துட்டு, எல்லாரும் அதே மாதிரி ஆமா டப்பாவுல போட்டிருந்தா?”

நல்ல கேள்வி. கணக்கம்மாவுக்கு அந்தச் சங்கடத்திலும் சந்தோஷம் பொங்கியது. “ஒண்ணு ரெண்டு பேர் அப்படிப் போட்டிருக்கலாம். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இருபத்தாறு பேர் ‘இல்ல’ டப்பாவுலயும் போட்டிருக்காங்களே. வெறும் கூட்டத்தோட கோவிந்தான்னா அது காலியாத்தானே இருந்திருக்கணும்?”

டைரக்டர் பெரிய சிஸ்டர் பக்கம் திரும்பினார். “சிஸ்டர், நீங்க அன்னைக்குச் சொன்ன ஆமா… அது நாணயம் சொன்னதா, நீங்க சொன்னதா?”

“அதை உங்ககிட்ட சொல்லிட்டா, இந்தம்மா பட்ட பாடெல்லாம் வீண் டாக்டர்.”

டைரக்டர் நாற்காலியில் சாய்ந்தார். வெளியே தேநீர் வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு கடந்து போனது. “எண்பது பேர்ல மூணுல ஒரு பங்கு. அத்தனை பேர்ல எங்கிட்ட ஓடி வந்து சொன்னது ஒரே ஒரு பொண்ணு” என்றார் மெதுவாக. “முதல்ல வந்து சொன்னவளை வெளிய அனுப்பிட்டா, ரெண்டாவதா சொல்ல எனக்கு யாரு கிடைப்பாங்க?”

குழு கூடி, கோளாறு அலமாரியில்தான் என்று எழுதியது. தூக்க மருந்துக்கு வார்டின் மறுகோடியில் பூட்டுப் போட்ட தனி அலமாரி வந்தது. எந்தக் குப்பியையும் ஒடிப்பதற்கு முன் ஒருத்தி படிக்க, இன்னொருத்தி கேட்க வேண்டும் என்று விதி வந்தது. சிட்டு அடுத்த நாளே வேலைக்குத் திரும்பலாம்.

கணக்கம்மா அன்று மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி வந்து சொன்னாள். சிட்டு கேட்டுக்கொண்டாள். முகத்தில் வெளிச்சம் வரவில்லை.

“நான் போகலை அண்ணி.”

“என்னது?”

“மூணுல ஒருத்திங்கறீங்க. அப்ப என்னை வெளிய அனுப்பினப்போ, அந்த வராந்தாவுல என்னைப் பார்த்துட்டு நின்னவங்கள்ல அத்தனை பேர் என்னை மாதிரியே பண்ணினவங்க. ஒருத்தி, ஒரே ஒருத்தி, ‘நானும்தான்’னு முன்னாடி வந்தாளா? என் பக்கத்துலயே நின்னு என்கூடவே டீ குடிச்சவங்க. அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

தன் கணக்கு நாத்தனாரைக் காப்பாற்றும் என்றுதான் கணக்கம்மா நினைத்திருந்தாள். அது கையில் ஒரு கசப்பையும் சேர்த்துக் கொடுக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்து, வீட்டுக்குள் வந்த கணவன்தான் பயந்துபோனான்.

சிட்டு மறுநாளும் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் காலை கணக்கம்மா கண் விழித்தபோது சமையலறையில் சூடான துணி வாசனை. சிட்டு யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன, மகாராணி கிளம்பியாச்சா?” என்றான் அண்ணன்.

“யோசிச்சுப் பார்த்தேன் அண்ணா. மூணுல ஒருத்தின்னுதான் அண்ணிக்குத் தெரியும். எந்த ஒருத்தின்னு அண்ணிக்கே தெரியாது. கோபப்படணும்னா நான் மூணு பேர் மேலயும் கோபப்படணும். ரெண்டு பேர் பாவம், ஒண்ணுமே பண்ணாதவங்க. அவங்களை விடணும்னா மூணு பேரையும் விட்டாகணும்.” இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “வேற வழியே வைக்கலை உங்க பொண்டாட்டி.”

அண்ணன் ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்தான். அவளுக்குக் கண் நிறைந்திருந்தது.

அண்ணியும் நாத்தனாரும் ஒன்றாகத்தான் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனார்கள். வாசல் வரை வேகமாக வந்த சிட்டு, வராந்தாவில் காலை வைத்ததும் நடையைக் குறைத்துக்கொண்டாள். கணக்கம்மா அவள் கையைப் பிடிக்கப் போனாள். அவள் விலக்கிக்கொண்டு தனியாக வார்டுக்குள் போனாள்.

பத்து மணித் தேநீர் நேரத்தில் கணக்கம்மாவுக்கு மெஷினில் கை ஓடவில்லை. நர்ஸுகளின் அறைப் பக்கம் சும்மா போவது போலப் போய், கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள். நீள பெஞ்சின் கோடியில் சிட்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். கையில் கிளாஸ். குடிக்கவில்லை. மற்றவர்கள் சுவரோரம் நின்று தங்கள் தேநீரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அந்த வாயாடி நர்ஸ்தான் நகர்ந்து வந்தாள். “தள்ளி உட்காருடி. பெஞ்சு உங்க வீட்டுச் சொத்தா?” என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இன்னொருத்தி வந்து மறுபக்கம் நெருக்கினாள். மூன்றாவதாக ஒருத்தி பெஞ்சில் இடமில்லாமல் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்துச் சிட்டுவின் தட்டில் வைத்தாள். “அந்த டிரைவர் நேத்தும் வந்திருந்தார்டி. தூக்க ஊசி சிஸ்டர் எங்கன்னு உன்னைத்தான் தேடினார்.”

சிட்டு வலப்பக்கம் இருந்தவளைப் பார்த்தாள். இடப்பக்கம் இருந்தவளைப் பார்த்தாள். முக்காலிக்காரியைப் பார்த்தாள். ஒவ்வொரு முகத்திலும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் பார்வை நகர்ந்தது. மூன்று பேரும் அதைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தியும் எழுந்துபோகவில்லை.

பிறகு அந்தப் பிஸ்கட்டை எடுத்துத் தேநீரில் நனைத்தாள். “என்னவாம் அந்த ஆளுக்கு? இன்னும் தூக்கம் போதலையாமா?” என்றாள் கீச்சுக் குரலில்.

கணக்கம்மா காலடி ஓசை வராமல் தன் அறைக்குத் திரும்பினாள். வராந்தாவில் காலை வெயில் விழுந்திருந்தது. ஏதோ ஒரு வார்டில் ஒருத்தி மருந்தின் பெயரை உரக்கப் படிக்க, இன்னொருத்தி “சரி” என்றாள்.